லாச்சியும் போஞ்சியும்

வணக்கம் அக்கா,

வெள்ளவத்தையில் இருக்கிறேன். கொஞ்ச நாளாக மற்ற மொழிகளில் இருக்கும் அழகான சொற்களை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். போர்த்துக்கேயத்தின் 'சௌதாத்' (இல்லாமல் போனதை நினைத்து ஏங்குவது), ஜப்பானியத்தின் 'கொமொரேபி' (இலைகளுக்கு நடுவால் விழுகிற வெயில்) மாதிரி, தமிழில் ஒரே சொல்லில் சொல்ல முடியாதவை. உங்களுக்குப் பிடித்த வெளிமொழிச் சொல் எது, ஏன்? இப்படிப் பிறமொழிச் சொல்லில் மயங்குவது தமிழுக்குச் செய்கிற குறையோ என்றும் சில நேரம் தோன்றுகிறது.

சு., வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

குறை ஒன்றும் இல்லை, முதலில் அந்த யோசனையை விடுங்கள். காலையில் மேசையில் பாண் சாப்பிட்டுவிட்டு சப்பாத்தை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிற கொழும்புத் தமிழர், வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் மேசை, பாண், சப்பாத்து என்று மூன்று போர்த்துக்கேயச் சொற்களைப் புழங்கியாயிற்று.

எனக்குப் பிடித்தது முழுச் சொல்கூட இல்லை, ஒரு வால். டச்சு மொழியில் பெயர்ச்சொல்லின் கடைசியில் 'ட்யெ' என்றோ 'யெ' என்றோ ஒட்டுவார்கள். ஒட்டினால் பொருள் சிறிதாகும், பெரும்பாலும் செல்லமாகவும் ஆகிவிடும். நாங்கள் 'குட்டி' சேர்ப்பது போலத்தான், ஆனால் அவர்கள் அதைக் கை நிறைய அள்ளிப் போடுகிறார்கள்.

அது எனக்குப் பிடித்துப்போனது எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக் குசினியில். நெதர்லாந்தில் இருக்கிற ஒன்றுவிட்ட தங்கச்சி விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளுடைய மகளுக்கு ஏழு வயது, தமிழ் விளங்கும், வாயில் வராது. பத்திரிகையில் வந்த யானைப் படத்தை வெட்டி எடுக்க அவளுக்குக் கத்தரிக்கோல் வேண்டியிருந்தது. அம்மா சுளகை மடியில் வைத்துப் போஞ்சிக்கு நார் கிள்ளிக்கொண்டிருந்தார், நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பிள்ளை மேசைப் பக்கம் கையைக் காட்டி டச்சில் நீளமாக ஏதோ கேட்டாள். அதில் அம்மாவுக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல்தான். "ஓம் பிள்ளை, லாச்சிக்குள்ளதான் கிடக்கு, இழுத்துப் பார்" என்றார், தலை நிமிராமல்.

அந்த லாச்சி மழைக்காலத்தில் ஊதிப்போய்விடும், இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டித்தான் இழுக்க வேண்டும். உள்ளே ஊக்குகள், நூல்கட்டை, பாதி எரிந்த மெழுகுதிரி, எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியாத திறப்புகள், அடியில் கத்தரிக்கோல். பிள்ளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர்கள் இரண்டு பேருக்கும் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, எனக்குத்தான் துருவிய கை அப்படியே நின்றுவிட்டது.

இழுப்பறைக்கு டச்சில் 'லா'. வாலை ஒட்டினால் 'லாட்யெ'. எங்கள் லாச்சி அதுதான். அம்மாவின் சுளகில் கிடந்ததும் அதே சாதி: 'போன்' என்றால் அவரை, 'போன்ட்யெ' என்றால் குட்டி அவரை, அதுதான் போஞ்சி. சித்திரைப் புத்தாண்டுக்குப் பக்கத்துச் சிங்கள வீடுகளிலிருந்து தட்டில் வருகிற கொக்கிஸ்கூட 'குக்யெஸ்', அதாவது குட்டிக் கேக்குகள். அமெரிக்காக்காரர் சொல்கிற குக்கியும் அந்த டச்சுச் சொல்லிலிருந்து போனதுதான், ஆக கொக்கிஸும் குக்கியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்!

ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், 1656இல் கொழும்பைப் பிடித்து 1796இல் ஆங்கிலேயரிடம் விட்டுப் போனார்கள், 140 வருடம். அவர்கள் விட்டுப்போன சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கந்தோர் (அலுவலகம்), நொத்தாரிசு (உறுதி எழுதுகிறவர்) எல்லாம் அதிகாரத்தின் சொற்கள், வால் இல்லாமல் வந்தன. லாச்சி, போஞ்சி, கொக்கிஸ் மூன்றும் வீட்டுக்குள் புழங்கியவை, வாலோடு வந்தன. எழுத்தில் படித்து எடுத்த சொற்களாக இவை இருக்க முடியாது, அடுப்படியில் நின்ற யாரோ காதால் கேட்டு எடுத்தவை என்றுதான் நான் நினைக்கிறேன். கறுவாவுக்காக வந்து ஊரை ஆண்ட மனிதர்களும் வீட்டுக்குள் அவரைக்காயைக் குட்டி என்று கூப்பிட்டிருக்கிறார்கள், அந்தக் கூப்பிடுதல் மட்டும் இங்கே நின்றுவிட்டது. மரக்கறிக் கடையில் "போஞ்சி கால் கிலோ" என்று கேட்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அது ஞாபகம் வரும்.

அப்புறம் நான் டச்சுச் சொற்களைத் தேடிப் போனேன். கொஞ்சம் என்பதற்கு அவர்கள் சொல்வது 'பேட்யெ', ஒரு சின்னக் கடி. நாங்கள் 'ஒரு வாய் சோறு' என்கிறோமே, அதே மனசு. 'ஒம்' என்றால் சுற்றி, அதற்கும் வாலை ஒட்டி 'ஒமெட்யெ' ஆக்கி வைத்திருக்கிறார்கள், வீட்டிலிருந்து புறப்பட்டு சும்மா ஒரு சுற்று நடந்துவிட்டு வருவதற்குப் பெயர். பின்னேரங்களில் நான் வொல்வெண்டால் தேவாலயம் வரை போய்த் திரும்புவேன், 1757இல் ஒல்லாந்தர் கட்டி முடித்தது, நடந்து போய் அந்தத் தடித்த சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால்தான் எனக்குப் பின்னேரம் முடியும். அந்த நடைக்கு இத்தனை வருடம் பெயர் இருக்கவில்லை, இப்போது இருக்கிறது.

உங்கள் 'கொமொரேபி' நல்ல சொல்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை யாரும் என்னிடம் சொன்னதில்லை, அதனால் அது எனக்குப் படத்தில் பார்த்த ஊர் மாதிரி. கொப்பியில் சொல்லுக்குப் பக்கத்தில் பொருளோடு, அதை யார் வாயால் கேட்டீர்கள், அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்றும் இரண்டு வரி எழுதி வையுங்கள்.

சிங்களச் சொற்களை நான் இதில் சேர்க்கவில்லை, பார்த்திருப்பீர்கள். மதிலுக்கு மேலால் தினமும் பேசுகிற மொழியை வெளிமொழி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. 'அனே' என்ற ஒரு சொல்லுக்கே தனியாக ஒரு கடிதம் வேண்டும், கேளுங்கள், எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா