பயணக் கடனை அடைக்க நாவல் உரிமையை விற்கலாமா?

கேள்வி: மூன்று நாவல்கள் வந்திருக்கின்றன. இரண்டு வருடத்துக்கு முன்பு வேலையை விட்டுவிட்டேன். இலக்கிய விழா, வாசகர் சந்திப்பு என்று மாதம் ஒரு ஊருக்காவது போகிறேன். பெரும்பாலும் என் செலவுதான், கிரெடிட் கார்டில் கடன் ஏறிவிட்டது. மூன்று நாவல்களின் உரிமையையும் எழுதிக் கொடுத்தால் மொத்தமாக ஒரு தொகை தருவதாகப் பதிப்பாளர் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கார்டு கடனை முதலில் அடைக்க வேண்டும் என்பது சரிதான், ஆனால் அதற்கு இது வழி இல்லை. எழுத்தாளர்களின் உரிமையைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி காப்புரிமை எழுதியவரின் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு குறைந்தது 50 ஆண்டுகளும் நிற்கும். மொத்தமாக எழுதிக் கொடுத்தால் இனி வரக்கூடிய மொழிபெயர்ப்பு, ஒலிப்புத்தகம், திரைப்படம், உங்கள் பிள்ளைகளுக்குப் போகவேண்டிய ராயல்டி எல்லாமே அதோடு போய்விடும். வேலையை விட்டுவிட்ட உங்களுக்கு இந்த மூன்று நாவல்கள்தான் பென்ஷன். அச்சு உரிமை மட்டும், இந்த மொழிக்கு மட்டும், இத்தனை ஆண்டுக்கு என்று எழுதிக்கொண்டு முன்பணம் கேளுங்கள். அது பிறகு ராயல்டியில் கழியும், நாவல் உங்கள் பெயரிலேயே இருக்கும். புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை உங்களிடம் திரும்பும் என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், பயணம். கடன் ஏறிய இடம் அதுதான். ஒரு பயணத்துக்கு உங்கள் கையிலிருந்து போகும் பணம் 20 பிரதிகளின் விலைக்குச் சமம் என்று வையுங்கள். பிரதி விலையில் 10 சதவீதம் உங்களுக்கு ராயல்டி என்றால், அந்தப் பணம் திரும்பி வர 200 பிரதிகள் விற்க வேண்டும், எந்த ஊர் அரங்கில் உங்களுக்கு 200 விற்றது? ஒப்பந்தம் அனுமதித்தால் பதிப்பாளரிடம் 40 சதவீதக் கழிவில் பிரதிகளை வாங்கிக் கொண்டுபோய் நீங்களே விற்கலாம், அப்போது 50 விற்றால் போதும். கடன் தீரும்வரை செலவைத் தராத அழைப்புகளுக்கு வர இயலவில்லை என்று எழுதிவிடுங்கள். மற்றவற்றில் டிக்கெட், தங்குமிடம், மதிப்பூதியம், அது எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதையெல்லாம் ஒப்புக்கொள்வதற்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். கூச்சமே வேண்டாம், மைக் செட்காரருக்கும் அரங்கத்துக்கும் வாடகை கொடுத்துத்தானே விழா நடத்துகிறார்கள்!

பில்களை அன்றன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். ஒரு எழுத்தாளர் வருமான வரிக் கணக்குக்காகத் துணிப்பை நிறைய ரசீது கொண்டுவந்தார், பாதிக்கு மேல் வெறும் வெள்ளைத்தாள். வெப்பத்தில் அச்சாகும் சீட்டுகள் சில மாதத்தில் மங்கிவிடும், அந்தச் செலவுகளை அவரால் காட்டவே முடியவில்லை. வெளிநாட்டு விழாவில் மதிப்பூதியத்திலிருந்து வரி பிடித்தால் அதற்கான சான்றிதழைக் கையோடு வாங்கி வாருங்கள், இரு நாடுகளுக்கும் வரி ஒப்பந்தம் இருந்தால் இங்கே கழித்துக்கொள்ள உதவும்.

பதிப்பாளருக்குப் பதில் சொல்வதற்கு முன் மூன்று நாவல்களின் இதுவரையான விற்பனைக் கணக்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மொத்தமாக வாங்க அவரே முன்வருகிறார் என்றால், அவை இன்னும் விற்கும் என்று அவர் நம்புகிறார்.