அசல் எங்கே, நகல் எங்கே?

கேள்வி: மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸில், கோப்பான் என்ற பழைய மாயா நகரத்தில் உள்ள சிற்ப அருங்காட்சியகத்தின் நடுவே நிற்கும் சிவப்புக் கோயில் அசல் இல்லையாமே! நகலைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போவது?

பதில்: நகல்தான். ஆனாலும் போங்கள், ஏனென்றால் அசலை முழுசாக யாராலும் பார்க்க முடியாது. ரோசலிலா என்று பெயர் வைத்திருக்கும் அந்தக் கோயில் மண்ணுக்குள் இருக்கிறது. புதுக் கோயில் கட்டும்போது பழசை இடித்து நிரவிவிட்டு அதன் மேலேயே எழுப்புவது அந்தப் பகுதியின் பழங்குடிகளான மாயா மக்களின் வழக்கம். இதை மட்டும் இடிக்க மனசு வரவில்லை போலும். வெள்ளைச் சாந்து பூசி, அறைகளை நிரப்பி, பத்திரமாக மூடிவிட்டு, மேலே பிரமிடு கட்டினார்கள். 1989-ல் தொல்லியல் அறிஞர் ரிக்கார்டோ அகுர்சியா அந்த 16-ம் எண் பிரமிடுக்குள் சுரங்கம் தோண்டியபோதுதான் அகப்பட்டது. சுரங்கத்துக்குத் தனி டிக்கெட். நானும் வாங்கிக்கொண்டு போனேன். கண்ணாடிக்குப் பின்னால் சாந்துச் சிற்பத்தின் ஒரு துண்டு தெரிந்தது, அவ்வளவுதான்.

1996-ல் திறந்த அருங்காட்சியகத்தில் கதை வேறு. பாம்பு வாய் போலக் கட்டிய வாசலுக்குள் நுழைந்து, வளைந்து போகும் இருட்டுப் பாதையில் தடவித் தடவி நடந்தேன். திடீரென்று கூரைத் திறப்பு வழியே வெயில். எதிரே ரத்தச் சிவப்பில் முழுக் கோயில். மாயா என்றாலே சாம்பல் கல் என்று நினைத்திருந்தவன், கொஞ்ச நேரம் வாயடைத்துப் போனேன்.

அப்புறம் ஒரு வேடிக்கை. அதே 16-ம் எண் பிரமிடின் முன்னால் 'கியூ' பலிபீடம் என்று ஒரு சதுரக் கல் இருக்கிறது. வெளியே கிடப்பது நகல்; மழையில் கரையாமல் இருக்க, அசலை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆக, உள்ளே நகல் கோயில், அசல் பலிபீடம், வெளியே நேர்மாறு!

அந்தக் கல்லை அவசரப்படாமல் சுற்றி வாருங்கள். பக்கத்துக்கு நான்கு பேராக, கோப்பானை ஆண்ட 16 மன்னர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வானியல் அறிஞர்களின் மாநாடு என்றுகூட ஒரு காலத்தில் சொல்லிவந்தார்கள். எழுத்துகளைப் படித்த பிறகுதான் அரச வரிசை என்று புரிந்தது. கண்ணைச் சுற்றி வளையம் மாட்டியிருப்பவர் முதல் மன்னர் யாஷ் குக் மோ. எதிரில் இருப்பவருக்குச் செங்கோல் நீட்டுகிறார். வாங்குபவர் 776-ல் இந்தக் கல்லை வைத்த 16-ம் மன்னர் யாஷ் பசாஹ். இருவருக்கும் நடுவே 300 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி!