அண்ணனுக்கு இதயத் தசைத் தடிப்பு: எனக்கும் மகளுக்கும் பரிசோதனை வேண்டுமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 41 வயது. மாடி ஏறும்போது மயங்கி விழுந்தார். எக்கோ எடுத்துப் பார்த்து, பரம்பரையாக வரும் இதயத் தசைத் தடிப்பு நோய் என்கிறார்கள். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நானும், ஓட்டப்பந்தயங்களில் ஓடும் என் 14 வயது மகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். தொந்தரவு இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி எனப்படும் இது ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பலருக்கு ஆயுள் முழுக்க ஒன்றுமே தெரிவதில்லை. பழுதான மரபணு உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு. ஆண், பெண் பேதம் கிடையாது.

இதயத்தின் இடது கீழறைச் சுவர் வேறு காரணமின்றி 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால் இந்த நோய் என்கிறோம். உங்களைப் போன்ற ரத்த உறவுகளுக்கு 13 மி.மீ. இருந்தாலே போதும். பெரும்பாலும் நடுச்சுவர்தான் புடைக்கும். இதயம் சுருங்கும்போது இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வின் இதழ் அந்தப் புடைப்பை நோக்கி இழுபட்டு, ரத்தம் வெளியேறும் வழியை மறிக்கும். எக்கோ திரையில் ஒவ்வொரு துடிப்புக்கும் அது தெரியும். உடம்பில் நீர் வற்றினால் அடைப்பு கூடும். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் அப்படித்தான். அதைத் தானாகப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று அண்ணனிடம் இன்றே சொல்லுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? முதலில் அண்ணனுக்கு மரபணுப் பரிசோதனை. அவரிடம் பழுது கண்டுபிடிக்கப்பட்டு அது உங்களிடம் இல்லையென்றால், உங்களுக்கும் மகளுக்கும் தொடர் பரிசோதனையே தேவையில்லை. அவரிடம் எதுவும் சிக்காமலும் போகலாம். அப்போது நீங்கள் ஈசிஜி, எக்கோ இரண்டையும்தான் நம்ப வேண்டும். ஆனால் மகள் போட்டிகளில் ஓடுவதால், அந்த முடிவுக்காகக் காத்திராமல் அவளுக்கும் இப்போதே இவ்விரண்டையும் எடுத்துவிடுங்கள். அதுவரை போட்டியில் ஓட வேண்டாம். ஓடும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்ததா என்று அவளையே கேளுங்கள். பிள்ளைகள் இதையெல்லாம் வீட்டில் சொல்ல மாட்டார்கள்.

ஒரு முறை எக்கோ சரியாக இருந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது. தடிப்பு வளரும் பருவத்தில் வெளிப்படலாம், நடுவயதிலும் வரலாம். மரபணு முடிவு உங்களை விடுவிக்காதவரை மகளுக்கு 1 முதல் 2 ஆண்டுக்கு ஒரு முறையும், உங்களுக்கு 3 முதல் 5 ஆண்டுக்கு ஒரு முறையும் திரும்ப எடுக்க வேண்டும்.

அண்ணனை நினைத்துக் கலங்க வேண்டாம். இன்றைய சிகிச்சையில் இந்த நோயால் ஏற்படும் இறப்பு ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. மூச்சிரைப்புக்கு, துடிப்பின் வேகத்தைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து உண்டு. அது போதாவிட்டால் மாவகாம்டென் என்ற புதிய மருந்தோ, புடைப்பைச் செதுக்கும் அறுவை சிகிச்சையோ இருக்கிறது. ஆனால் அவர் மயங்கி விழுந்ததை நான் லேசாக எடுக்க மாட்டேன். அது அடைப்பாலும் வரலாம், ஆபத்தான துடிப்புக் கோளாறாலும் வரலாம். துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவியை மாட்டிப் பார்த்து, ஆபத்தான துடிப்பை மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி கருவியை உடலுக்குள் பொருத்த வேண்டுமா என்று அவருடைய இதய மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால், அப்போதே அதையும் சொல்லிவிடுங்கள்.