ஒளிரும் பெப்டைடை (சிறு அமினோ அமிலச் சங்கிலியை) வைத்து, புரதங்களை வெட்டும் நொதியான புரோட்டியேஸின் வேகத்தை எப்படி அளக்கிறார்கள்?

காஸ்பேஸ்-3ஐ எடுத்துக்கொள்வோம். செல் தன்னையே அழித்துக்கொள்ளும்போது வேலை செய்யும் புரோட்டியேஸ் இது. டி.இ.வி.டி. என்ற நான்கு அமினோ அமில வரிசையைக் கண்டால் அதன் கடைசியில் வெட்டும். அந்த வாலில் ஏ.எம்.சி. என்ற சாயத்தைக் கட்டிய பெப்டைட் கடையிலேயே கிடைக்கிறது. கட்டியிருக்கும்வரை சாயம் மங்கல். நொதி வெட்டிவிட்டால் 380 நானோமீட்டர் ஒளியை வாங்கி, 460 பக்கம் நீலமாக ஒளிரும்.

கறுப்புத் தட்டின் குழிகளில் நொதியையும் பெப்டைடையும் கலந்து, 37 டிகிரியில் நிமிடத்துக்கு ஒருமுறை ஒளியை அளந்தால் கோடு ஏறிக்கொண்டே போகும். தொடக்கத்தில் நேராக இருக்கும் பகுதியின் சரிவுதான் வேகம். பெப்டைட் தீரத் தீரக் கோடு வளையும், அந்தப் பகுதியை நம்பாதீர்கள்.

அப்புறம், கருவி காட்டும் எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. அளவு தெரிந்த ஏ.எம்.சி. கரைசல்களை வைத்து ஒப்பீட்டுக் கோடு வரைந்தால்தான் நிமிடத்துக்கு இத்தனை பைகோமோல் என்று சொல்ல முடியும். நொதி இல்லாமலே வரும் ஒளியைக் கழிக்க, நொதியே இல்லாத குழி ஒன்றும் கட்டாயம் வேண்டும். செல் சாற்றில் அளப்பவர்கள் கவனிக்க: காஸ்பேஸ்-7உம் இதே வரிசையை வெட்டும்.