பள்ளி லேப்டாப்பில் மகளின் கவிதைகள்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் லேப்டாப் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கும் எடுத்து வருகிறாள். பாடம், வீடியோ, தோழிகளோடு அரட்டை எல்லாமே அதில்தான். கவிதை எழுதுவாள், மனதில் இருப்பதையெல்லாம் கொட்டியும் எழுதுவாள். அவையும் அதிலேயே இருக்கின்றன. போன மாதம் ஒருநாள் இரவு அவள் எதையோ தேடியிருக்கிறாள். மறுநாள் காலையில் பள்ளி ஆலோசகர் கூப்பிட்டு அதைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அக்கறையாகத்தான் கேட்டாராம். ஆனாலும் மகள் ஆடிப்போய்விட்டாள். “அப்போ நான் எழுதினதையும் படிச்சிருப்பாங்களாம்மா?” என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சொந்தமாக ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா என்றால், சும்மா கிடைத்தது ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்கிறார் கணவர். கடையில் கேட்டால் கேமிங் லேப்டாப்பைக் காட்டுகிறார்கள். பள்ளி லேப்டாப்பில் இருக்கும் கண்காணிப்பை நீக்க முடியுமா? புதிதாக வாங்கினால் எதை வாங்குவது? அதில் நாங்களும் கண்காணிப்பு மென்பொருள் போட வேண்டுமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

மகள் அன்று இரவு என்ன தேடினாள் என்று நீங்கள் எழுதவில்லை. பள்ளி ஆலோசகரே கூப்பிட்டுப் பேசினார் என்றால், அது மனக்கஷ்டம் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். லேப்டாப் கதை எல்லாம் பிறகு. முதலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “உனக்கு ஏதாவது கஷ்டமா இருக்கா?” என்று நேராகக் கேளுங்கள். ஏன் தேடினாய், எதற்குத் தேடினாய் என்று விசாரணையாக அது மாறிவிட வேண்டாம். அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டாலே போதும். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகத் தெரிந்தால் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இனி அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆம், படித்திருக்க முடியும். ஆனால் ராத்திரி கண்விழித்து ஓர் ஆசிரியர் அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிகள் வாங்கிப் போடும் மென்பொருள்கள் பிள்ளைகளின் தேடலையும், மெயிலையும், பள்ளிக் கணக்கில் சேமித்த கோப்புகளையும் தானாகவே அலசுகின்றன. தற்கொலை, வன்முறை, போதை தொடர்பான சொற்கள் தட்டுப்பட்டால் குறித்துக்கொண்டு பள்ளிக்கு எச்சரிக்கை அனுப்புகின்றன. அதன் பிறகுதான் மனிதர் ஒருவர் பார்க்கிறார். ஒரு பிள்ளையின் உயிரைக் காப்பாற்ற இது உதவும் என்று நம்பித்தான் பல பள்ளிகள் இதைச் செய்கின்றன. அந்த எண்ணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘மரணம்’ என்ற சொல் வெறும் கவிதையில் வருகிறதா, உண்மையிலேயே சாக நினைக்கும் ஒரு பெண் எழுதியதா என்று மென்பொருளுக்கு எப்போதும் பிரித்தறியத் தெரியாது. கவிதை எழுதும் பிள்ளைகள்தான் இதில் முதலில் மாட்டிக்கொள்வார்கள்.

பள்ளி நல்ல நோக்கத்தோடு தொடங்குவது எங்கே போய் முடியலாம் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பென்சில்வேனியா மாநிலத்தில் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் தன் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மேக்புக் கொடுத்தது. தொலைந்தால் கண்டுபிடிக்க அதில் ஒரு மென்பொருள் இருந்தது. அதை முடுக்கிவிட்டால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேமரா ஒரு படம் எடுக்கும். திரையில் இருப்பதையும் படம் பிடித்துப் பள்ளியின் சர்வருக்கு அனுப்பிவிடும். பெற்றோர் யாருக்கும் இதைச் சொல்லவில்லை. ஒரு மாணவனைத் துணைத் தலைமையாசிரியர் கூப்பிட்டு, “நீ வீட்டில் தப்புக் காரியம் செய்கிறாய்” என்று சொல்லி ஆதாரமாகப் படத்தையும் குறிப்பிட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 2010 பிப்ரவரியில் அந்தக் குடும்பம் வழக்குப் போட்டது. விசாரித்துப் பார்த்தால் 50,000-க்கும் மேற்பட்ட படங்கள் குவிந்து கிடந்தன. படுக்கையில் தூங்கிக்கொண்டிருக்கும் பையனின் படமும் அதில் இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 6,10,000 டாலர் கொடுத்து மாவட்டம் சமரசம் செய்துகொண்டது.

உங்கள் மகளின் பள்ளியும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. எது நடக்கிறது என்பதை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன் லேப்டாப்பையே திறந்து பாருங்கள். குரோம்புக் (கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் லேப்டாப்) என்றால் திரையின் கீழ்மூலையில் மணி காட்டும் இடத்தைத் தட்டுங்கள். எந்த அமைப்பு அதை நிர்வகிக்கிறது என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டால் நிர்வாகி என்னென்ன பார்க்க முடியும், எந்தெந்த எக்ஸ்டென்ஷன்களை (பிரவுசரோடு சேர்ந்து ஓடும் சிறு மென்பொருள்கள்) அவர் போட்டிருக்கிறார் என்று ஒரு பக்கம் விரியும். விண்டோஸ் என்றால் செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குள் ‘ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்’ என்ற இடம். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், அதில் டிவைஸ் மேனேஜ்மென்ட். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். தெரியாத ஒன்றை நினைத்துப் பயப்படுவதைவிடத் தெரிந்துகொண்டு கவனமாக இருப்பது அவளுக்கு நல்லது.

இதை நீக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முயற்சி செய்யாதீர்கள். அந்த லேப்டாப் பள்ளியின் சொத்து; கொடுக்கும்போது உங்களிடம் கையெழுத்து வாங்கிய படிவத்திலேயே அது இருக்கும். பள்ளி பதிவு செய்த குரோம்புக்கை முழுக்க அழித்துவிட்டுத் திரும்ப இயக்கினாலும், இணையத்தில் இணைந்ததும் மறுபடி பள்ளியின் பிடிக்குள் போய்விடும். மகள்தான் பேச்சு வாங்குவாள்.

பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். எச்சரிக்கை வந்தால் யார் யார் பார்க்கிறார்கள்? பள்ளி நேரம் முடிந்த பிறகும் கண்காணிப்பு ஓடுகிறதா? கேமராவையும் மைக்கையும் தூரத்திலிருந்து இயக்க முடியுமா? எந்த நிறுவனத்தின் மென்பொருள், பதிவுகள் எத்தனை நாள் இருக்கும், பிள்ளை பள்ளியை விட்டுப் போனதும் அழிப்பார்களா? இரவிலும் விடுமுறையிலும் கண்காணிப்பை நிறுத்திவைக்கும் வசதி இந்த மென்பொருள்கள் பலவற்றில் உண்டு. யாரும் கேட்காவிட்டால் அது இருபத்து நான்கு மணி நேரமும் ஓடிக்கொண்டே இருக்கலாம். ஒரு பெற்றோர் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைக்காதீர்கள். டென்மார்க்கின் ஹெல்சிங்கோர் நகராட்சியில் தன் பிள்ளையின் பள்ளிக் கணக்கு பற்றி ஒரு தந்தை கொடுத்த புகாரில்தான் எல்லாம் தொடங்கியது. 2022 ஜூலையில் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த நகராட்சிப் பள்ளிகளில் குரோம்புக்குகளுக்கே தடை போட்டது. தடை பின்னர் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டாலும் விவகாரம் ஓயவில்லை. 2024 ஜனவரியில் 53 நகராட்சிகளின் பள்ளித் தரவு கூகுளுக்குப் போவதைச் சரிசெய்யச் சொல்லி ஆணையம் உத்தரவிட்டது.

உங்கள் கணவரின் கேள்வியும் நியாயமானதுதான். ஆனால் அந்த லேப்டாப் ஒருநாள் திரும்பப் போய்விடும். கணக்கும் மூடப்படும். அவள் எழுதியது, சேர்த்து வைத்தது எல்லாம் அதோடு போகும். பாடத்துக்கு அது போதும். அவளுக்கென்று இருப்பதற்கு வேறு இடம் வேண்டும். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இது ஆடம்பரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேமிங் லேப்டாப்பை விட்டுவிடுங்கள். தனி கிராபிக்ஸ் அட்டை எடையைக் கூட்டும், சூடேறும், பேட்டரியைத் தின்னும். 3டி, வீடியோ எடிட்டிங் என்று போகாதவரை அவளுக்கு அது வேண்டாம். ப்ராசசர் பெயரைப் பார்த்து மயங்கவும் தேவையில்லை; இரண்டு வருடம் பழைய நடுத்தர ப்ராசசர் அவள் கல்லூரியில் சேர்ந்த பிறகும் தாங்கும். ராம், அதாவது வேலை செய்யும்போது லேப்டாப் பயன்படுத்தும் நினைவகம், 16 ஜிபி இருக்கட்டும். இப்போது வரும் பல மெல்லிய லேப்டாப்களில் ராமைப் பலகையோடு ஒட்டிவிடுகிறார்கள், பிறகு கூட்ட முடியாது. சேமிப்பு எஸ்எஸ்டியாக, 512 ஜிபி. விலை குறைவு என்று 64 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டியைவிட மெதுவான, மலிவான சேமிப்பு) போட்டதைத் தலையில் கட்டப் பார்த்தால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். விண்டோஸ் அப்டேட்டுக்கே அதில் இடம் பற்றாது. திரை 14 அங்குலம், முழு எச்டி, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகை. எடை ஒன்றரைக் கிலோவுக்குள். எழுதுகிற பெண் என்பதால் விசைப்பலகைதான் முக்கியம்: கடையிலேயே மகளை உட்காரவைத்து ஒரு பத்தி அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விசை மெத்தென்று இறங்கி விரலுக்குப் பதில் சொல்கிறதா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

பணம் இடித்தால், அலுவலகங்களில் பயன்படுத்திய பிறகு புதுப்பித்து விற்கும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகளைப் பாருங்கள். உறுதியானவை, உதிரிபாகமும் கிடைக்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அதனால் விண்டோஸ் 11 ஓடக்கூடியதாக இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ. பழையது வாங்கும்போது இன்னொன்றும் உண்டு. கடையிலேயே வைஃபையில் இணைத்து, புதிதாகத் தொடங்குவது போல அமைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஏதாவது பள்ளியின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ திரையில் வந்தால் அது இன்னும் அவர்கள் நிர்வாகத்தில்தான் இருக்கிறது. ஒரு கண்காணிப்பிலிருந்து தப்பி இன்னொன்றில் விழ வேண்டாம்.

கேமராவுக்கு லேப்டாப்பிலேயே தள்ளி மூடும் மூடி இருப்பதாக எடுங்கள். விளக்கு எரியாவிட்டால் கேமரா ஓடவில்லை என்று முழுதாக நம்பிவிட முடியாது; சில பழைய மேக்புக்குகளில் விளக்கை எரியவிடாமலே கேமராவை இயக்கலாம் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் செய்து காட்டினார்கள். மேக்புக் வாங்கினால் கேமரா மேல் தனியாக மூடியை ஒட்டிவிட்டு லேப்டாப்பை மடக்கி மூடாதீர்கள், திரை விரிசல் விடலாம் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது.

இவ்வளவும் பார்த்து வாங்கிவிட்டு, முதல் நாளே கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கண்காணிப்பு லேப்டாப்பில் மட்டும் இல்லை, பள்ளிக் கணக்கிலும் இருக்கிறது. புது லேப்டாப்பில் குரோமைத் திறந்து பள்ளி மெயிலில் உள்ளே போனால், பள்ளி போட்டுவைத்த எக்ஸ்டென்ஷன்கள் அந்தக் கணக்கோடு சேர்ந்து வீட்டு லேப்டாப்புக்கும் வந்துவிடலாம். அந்தக் கணக்கில் திறந்த குரோமில் அவள் தேடுவதெல்லாம் பழையபடி பள்ளிக்குத் தெரியும். விண்டோஸில் டீம்ஸ் போன்ற செயலியைப் பள்ளி மெயிலில் திறக்கும்போது, இந்தச் சாதனத்தை உங்கள் அமைப்பு நிர்வகிக்க அனுமதிக்கிறீர்களா என்று ஒரு பெட்டி வரும். டிக் ஏற்கெனவே போட்டிருக்கும். அவசரத்தில் ‘ஓகே’ கொடுத்துவிடுவோம். கொடுத்தால் நீங்கள் காசு போட்டு வாங்கிய லேப்டாப்பில் பள்ளிக்கு உரிமை கொடுத்தது போலாகும். டிக்கை எடுத்துவிட்டு, இந்தச் செயலிக்கு மட்டும் என்று சொல்லும் வரியைத் தொட வேண்டும்.

அதனால் பள்ளிக்கு ஒரு பிரவுசர், தனக்கு ஒரு பிரவுசர் என்று பிரித்துவிடுங்கள். ஃபயர்பாக்ஸில் பள்ளி வேலை, குரோமில் சொந்த மெயில் என்று வைத்தால் போதும். இன்னும் நல்லது, பள்ளி வேலையைப் பள்ளி லேப்டாப்பிலேயே முடித்துவிடுவது. பள்ளி லேப்டாப்பில் சொந்த மெயிலைத் திறக்கக் கூடாது; போனை அதில் செருகி சார்ஜ் போடும் பழக்கமும் வேண்டாம்.

நீங்களும் கண்காணிப்பு மென்பொருள் போடலாமா என்ற கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். சின்னக் குழந்தை என்றால் வேறு விதமாகச் சொல்வேன். இவள் பத்தாம் வகுப்பு. யாரோ தன்னைப் படித்துவிட்டார்களோ என்று நடுங்கி உங்களிடம்தான் வந்து கேட்டிருக்கிறாள். அந்த நம்பிக்கையை எந்த மென்பொருளுக்கும் விற்காதீர்கள். இரவு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் லேப்டாப் கூடத்தில் இருக்கட்டும் என்று பேசி முடிவெடுங்கள். தெரியாதவர் யாராவது தொந்தரவு செய்தால் திட்டாமல் கேட்போம் என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். பாஸ்வேர்ட் அவளுடையதாக இருக்கட்டும். டிஸ்க் என்கிரிப்ஷனை (பாஸ்வேர்ட் இல்லாமல் யாரும் கோப்புகளைப் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி) இயக்கி, பாஸ்வேர்ட் மறந்தால் திறக்க உதவும் மீட்புச் சாவி எண்ணை மட்டும் காகிதத்தில் எழுதி நீங்கள் பத்திரப்படுத்தி வையுங்கள்.

புது லேப்டாப் வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம், கவிதைகளைப் பள்ளி லேப்டாப்பிலிருந்து இந்த வாரமே எடுத்துவிடச் சொல்லுங்கள். மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதியைப் பல பள்ளிகள் அடைத்து வைத்திருப்பார்கள். பென்டிரைவும் ஏற்காமல் போகலாம். அப்படியானால் ஒவ்வொன்றாகத் திறந்து அச்செடுத்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் ஒரு நோட்டில் பார்த்து எழுதட்டும். எடுத்த பிறகு பள்ளிக் கணக்கிலிருந்து அழித்துக் குப்பைத் தொட்டியையும் காலி செய்யட்டும். கூகுள் கணக்கானால் அதற்குப் பிறகும் 25 நாள்வரை நிர்வாகி அதை மீட்க முடியும். சில பள்ளிகள் தனிப் பிரதியும் வைத்திருக்கலாம் என்பதால் அழித்ததெல்லாம் அழிந்தது என்று அவளிடம் உறுதி சொல்லாதீர்கள். இனி எழுதப்போகும் கவிதையைப் பற்றி மட்டும் உறுதி சொல்லலாம்.