பச்சையாக எதை விலக்குவது? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எட்டு மாதம் சமைக்காத உணவு மட்டுமே சாப்பிட்டேன். முதல் மூன்று மாதம் உடம்பு லேசாக இருந்தது. பிறகு பதினோரு கிலோ எடை இறங்கியது, முடி கொட்டியது, எப்போதும் குளிர்ந்தது. மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போய்க் கடைசி இரண்டு மாதம் வரவே இல்லை. நிறுத்திவிட்டேன். இப்போது வயது 34, எடை 55 கிலோ. மறுபடி தொடங்க ஆசை.

விலக்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் கைவசம் இருக்கிறது: 42 டிகிரிக்கு மேல் சூடான எதுவும், உப்பு, எண்ணெய், வெங்காயம், பூண்டு, பழத்தோடு சேர்த்துக் கொழுப்பு, சத்து மாத்திரைகள். புரதத்துக்கு ராஜ்மாவை முளைகட்டிச் சாப்பிடலாம் என்றும், காலையில் பாலக் கீரைச் சாறு இரண்டு டம்ளர் குடிக்கலாம் என்றும் இருக்கிறேன். இந்தப் பட்டியல் போதுமா? வேறு எதையாவது விலக்க வேண்டுமா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்,

முதலில் அந்த ராஜ்மாவைக் கைவிடுங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் (லெக்டின் வகை) நிறைய இருக்கிறது. ஊறிய பச்சைக் கொட்டை நாலைந்து தின்றாலே போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தி, அடுத்து வயிற்றுப்போக்கு. ஊறவைப்பதால் அது போகாது. முளைகட்டினால் ஓரளவு குறையலாம், ஆனால் வயிற்றை நம்பி ஒப்படைக்கும் அளவுக்குக் குறையாது. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்க வேண்டும். 100 டிகிரியில் பத்து நிமிடத்திலேயே நஞ்சு அழியும். மீதி நேரம், கொட்டையின் நடுப்பகுதி வரை சூடு போய்ச் சேர்வதற்கு. 80 டிகிரி வாக்கில் அரைவேக்காடாக நிறுத்தினால் பச்சையாகத் தின்பதைவிட மோசமாகலாம் என்பதால்தான் மந்தச் சூட்டில் வேகவைக்கும் மின்பாத்திரங்களில் இதை நேரடியாகப் போடக் கூடாது என்கிறார்கள்.

உங்கள் பட்டியலின் கோளாறு இந்த ஒரு கொட்டையிலேயே தெரிகிறது. அது கேட்பது ஒரே கேள்வி: இது எத்தனை டிகிரி சூடானது? கேட்க வேண்டியது வேறு: இந்தச் செடி தன்னைக் காத்துக்கொள்ள உள்ளே என்ன வைத்திருக்கிறது, அதைச் சமாளிக்க என் குடலால் ஆகுமா? விதை, கிழங்கு, இலை எதுவும் நாம் தின்பதற்காக உருவானதல்ல. பழுத்த பழம் மட்டும்தான் தின்னப்படுவதற்கென்றே பழுக்கிறது.

அந்த 42 டிகிரி, உணவில் உள்ள நொதிகள் செத்துவிடும் என்ற எண்ணத்திலிருந்து வந்தது. நொதி என்பது புரதம். இரைப்பை அமிலம் மற்ற புரதத்தைப் போலவே அதையும் உடைத்துவிடும். நம் செரிமானத்துக்கு வேண்டிய நொதிகளைக் கணையமும் சிறுகுடலும் தாமே சுரக்கின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பச்சை என்று விற்கப்படும் முந்திரியும் சூடு கண்டதுதான். தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் ஓட்டில் இருப்பதால் ஆவியிலோ வறுத்தோதான் பருப்பை எடுக்கிறார்கள். ஆக, அந்த விதியை முழுதாகக் கடைப்பிடிக்கவும் வழியில்லை.

பச்சையாக அறவே கூடாதவை என்று நான் எழுதும் பட்டியல் சிறியது. ராஜ்மாவும் அதன் இனமான பீன்ஸ் கொட்டைகளும். சோயா, அதிலுள்ள பொருள் புரதத்தைச் செரிக்கும் டிரிப்சினைத் தடுக்கிறது. மரவள்ளிக்கிழங்கு, கசக்காத வகையிலும் சயனைடை வெளிவிடும் பொருள் உண்டு. சேப்பங்கிழங்கும் அதன் உறவுகளும். அவற்றிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் நாக்கையும் தொண்டையையும் குத்தும். பச்சை படர்ந்த, முளைவிட்ட உருளைக்கிழங்கு. கசப்பு பாதாமும் ஆப்ரிகாட் கொட்டையின் உள்பருப்பும். காட்டுக் காளான் எதுவும். ஷீடாக்கே காளானைப் பச்சையாகத் தின்ற சிலருக்குச் சாட்டையடி பட்டதுபோல் உடம்பெங்கும் கோடுகோடாகத் தடிக்கும்.

சாறு குடிப்பவர்களுக்கு இதோடு இன்னொன்று. சுரைக்காய், வெள்ளரி, சுக்கினி போன்றவற்றில் எப்போதாவது ஒரு காய் கசக்கும். அந்தக் கசப்பு குக்கர்பிட்டசின் என்ற நஞ்சு. அரைப்பதற்கு முன் ஒவ்வொரு காயிலும் ஒரு துண்டு நறுக்கி நாக்கில் வையுங்கள். கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். எலுமிச்சையோ தேனோ கலந்து கசப்பை மறைத்துக் குடிப்பதுதான் மிக ஆபத்தானது. குடித்தவர்கள் ரத்த வாந்தியோடு மருத்துவமனை போயிருக்கிறார்கள், உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது.

பாலக் கீரைச் சாறு அளவு சார்ந்தது. உங்கள் விஷயத்தில் அளவு தவறு. நூறு கிராம் பாலக்கில் 600 மில்லிகிராமுக்கு மேலும் ஆக்சலேட் இருக்கலாம். சாதாரணக் கலப்பு உணவில் ஒரு நாள் முழுக்கச் சேர்வது பெரும்பாலும் 200க்குள்தான். இரண்டு டம்ளர் சாற்றுக்கு எவ்வளவு கீரை போகும் என்று தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். அந்த ஆக்சலேட் சிறுநீரகத்தில் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகும். கல் வரலாம். மாதக்கணக்கில் பச்சைச் சாறு குடித்துச் சிறுநீரகமே செயலிழந்தவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். கொதிக்கவைத்து நீரை வடித்தால் கரையும் ஆக்சலேட்டில் பெரும்பகுதி போய்விடும். பச்சையாகத்தான் வேண்டும் என்றால் வாரத்தில் இரண்டு நாள், ஒரு கைப்பிடி, கால்சியம் உள்ள ஏதாவதோடு. அப்படிச் சேர்த்துத் தின்றால் இரண்டும் குடலிலேயே பிணைந்து வெளியே போய்விடும். தினசரிக்கு லெட்டூஸ் போதும். பீட்ரூட் இலையும் முளைக்கீரையும் பாலக்கைப் போலத்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது.

உப்பை விலக்குவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் பழைய உபாதையில் இதற்கும் பங்கு இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. முட்டைக்கோஸ், பிராக்கோலி, காலிஃபிளவர் இனத்தில் ஒரு நொதி இருக்கிறது. வெட்டும்போதும் மெல்லும்போதும் அது வேலை செய்து சல்ஃபொரஃபேன் போன்ற நல்ல பொருள்களை உண்டாக்கும். பச்சையாகத் தின்பதற்கு இது நியாயமான காரணம்தான். ஆனால் அதே நொதி, தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும் பொருள்களையும் உண்டாக்குகிறது. 2010இல் ஒரு மருத்துவ இதழில் வந்த பதிவு: 88 வயதுப் பெண் ஒருவர் பாக் சோய் என்ற முட்டைக்கோஸ் இனக் கீரையைத் தினம் ஒன்று முதல் ஒன்றரை கிலோ வரை பச்சையாகப் பல மாதம் தின்று, தைராய்டு முற்றிலும் ஓய்ந்து நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். நூறு, நூற்றைம்பது கிராம் கோஸ் யாரையும் அப்படி ஆக்காது, அயோடின் போதுமான அளவு இருக்கும்வரை. ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். பால், மீன், முட்டை எதுவும் இல்லாதவருக்கு அது வரும் முக்கிய வழி அயோடின் சேர்த்த உப்பு. அதையும் நிறுத்திவிட்டுத் தினம் பச்சைக் கோஸ் தின்றால் முடி கொட்டுவதும் குளிர்வதும் மாதவிடாய் குழம்புவதும் வியப்பில்லை. நாளைக்கு மூன்று கிராம், அதாவது அரைத் தேக்கரண்டி உப்பைப் பட்டியலிலிருந்து மீட்டுக்கொள்ளுங்கள்.

பழத்தோடு கொழுப்பு சேரக் கூடாது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கேரட், மாம்பழம், கீரையில் உள்ள கரோட்டின் கொழுப்பு இல்லாமல் சரியாக உறிஞ்சப்படாது. கேரட்டைத் துருவி, அரைத்த எள்ளோ தேங்காயோ சேருங்கள். தக்காளியின் சிவப்பு நிறமியான லைக்கோபீன் சூடுபட்டால்தான் நன்றாகச் சேரும். வெங்காயமும் பூண்டும் வயிறு உப்பும் ஆட்களுக்கு மட்டும் ஆகாது. ஆனால் பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைக்காதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்கடியில் பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளரும். குளிர்பெட்டியில் வைத்து நாலு நாளுக்குள் முடித்துவிட வேண்டும்.

முளைகட்டிய பயறு. பச்சைப்பயறு சரி, ஆனால் புரதத்துக்கு அதை நம்பாதீர்கள். நூறு கிராம் முளையில் மூன்று கிராம் புரதம்தான், மீதி பெரும்பாலும் நீர். விதை முளைக்கத் தேவையான ஈரமும் கதகதப்பும்தான் பாக்டீரியாவுக்கும் வேண்டும். விதையின் வெடிப்புக்குள் புகுந்ததைக் கழுவி எடுக்க முடியாது. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையால் பரவிய ஈ.கோலை 3,800 பேருக்கு மேல் பாதித்து ஐம்பதுக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. எட்டு மணி நேரம் ஊறவைத்து, நாளுக்கு மூன்று முறை அலசி வடித்து, வால் அரை அங்குலம் வந்ததும் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் தின்றுவிடுங்கள். வழுவழுத்தாலோ புளித்த வாடை அடித்தாலோ எறியுங்கள். கர்ப்பிணிகளும் முதியவர்களும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களும் ஆவியில் வேகவைக்காமல் முளையைத் தொடக் கூடாது. பாதாம், வால்நட் ஊறப்போடுவதும் குளிர்பெட்டிக்குள்ளேயே நடக்கட்டும். கீரையை இலை இலையாகப் பிரித்து ஓடும் நீரில் கழுவ வேண்டும். நாடாப்புழு முட்டையும் நத்தைக் குஞ்சும் ஒட்டியிருப்பது இலையின் அடியில்தான்.

சத்து மாத்திரையை விலக்கும் வரியை அடித்துவிடுங்கள். பி12 எந்தச் செடியிலும் நம்பும்படி இல்லை. ஸ்பைருலினா என்ற பாசியில் இருப்பது பெரும்பாலும் உடம்புக்கு உதவாத போலி வடிவம். தேவை நாளுக்கு 2.4 மைக்ரோகிராம்தான், ஆனால் ஈரலில் உள்ள சேமிப்பு கரையச் சில ஆண்டுகள் ஆவதால் குறைபாடு தாமதமாகத்தான் வெளியே தெரியும். பச்சைக் கீரை நிறையத் தின்பவர்களுக்கு ஒரு கூடுதல் ஆபத்து: அதிலுள்ள ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடும், நரம்பு மட்டும் உள்ளுக்குள் சேதமாகிக்கொண்டிருக்கும். கால் மரத்துப்போன பிறகு விழித்துக்கொள்பவர்கள் இப்படித்தான் ஆகிறார்கள்.

இனி, மாதவிடாய் நின்ற கதை. 1999இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில், சமைக்காத உணவை நெடுநாள் உண்ட 216 ஆண்களும் 297 பெண்களும் கலந்துகொண்டார்கள். பெண்களுக்குச் சராசரியாக 12 கிலோ எடை இறங்கியிருந்தது. 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ முப்பது சதவீதம் பேருக்கு மாதவிடாய் ஓரளவோ முழுதுமோ நின்றிருந்தது. பச்சை விகிதம் கூடியவர்களிடம் இது அதிகம். உங்கள் பதினோரு கிலோவை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தைராய்டை விட்டுவிட்டாலும், நீங்கள் பட்டினியில் இருந்தீர்கள். வயிறு நிறைந்திருந்ததால் அது தெரியவில்லை. நூறு கிராம் லெட்டூஸ் 15 கலோரி.

ஒரு நாளை எண்ணிப் பார்ப்போம். வாழைப்பழம் நாலு, வேறு பழம் 400 கிராம், அவகாடோ ஒன்று, பாதாம் அல்லது வால்நட் 60 கிராம், பூசணி விதையும் எள்ளும் சேர்ந்து 40 கிராம், தேங்காய் 50 கிராம், காய்கறி அரைக் கிலோ, பேரீச்சை ஐந்து. ஏறத்தாழ 1,850 கலோரி வரும். இவ்வளவு தின்றும் புரதம் 43 கிராம் வாக்கில்தான். 55 கிலோவுக்குக் குறைந்தபட்சத் தேவை 44. ஒரு கிண்ணம், அதாவது 200 கிராம் வேகவைத்த பயறு சேர்த்தால் இன்னும் 14 கிராம் வாக்கில் கூடும், இரும்பும் கூடும். அந்த ஒரு கிண்ணத்தை அனுமதியுங்கள் என்பதுதான் என் யோசனை. அது எதையும் கெடுக்காது, மாறாக மற்ற எல்லாவற்றையும் பச்சையாகவே தொடர்வதற்கு உங்களைத் தாங்கிப் பிடிக்கும்.

தொடங்குவது படிப்படியாக இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் ஒரு வேளை பச்சை உணவு, அடுத்த இரண்டு வாரம் இரண்டு வேளை. திடீரென நார்ச்சத்து கூடினால் பெருங்குடல் நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைத்து வாயுவாக்கும். அவை பழகச் சில வாரம் பிடிக்கும். நன்றாக மெல்லுங்கள், நீரைக் கூட்டுங்கள். புளிப்புப் பழத்தை நாள் முழுக்கக் கொறிக்க வேண்டாம், பற்சிப்பி கரையும். தின்றதும் வாய் கொப்பளித்து, அரை மணி கழித்துப் பல் துலக்குங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரை அளவைத் திடீரென மாற்றக் கூடாது. ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் மாத்திரை எடுப்பவர்கள் கிரேப்ஃப்ரூட் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். உங்களுக்கு இவை இல்லை என்றாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ரத்தத்தில் பி12, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் டி, தைராய்டுக்கு டி.எஸ்.எச்., நாலும் பாருங்கள். ஆறு மாதத்தில் மறுபடி பாருங்கள். வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் எடை. ஒரு மாதத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் இறங்கினால் பாதாம், வால்நட், விதை, தேங்காயின் அளவைக் கூட்டுங்கள். மாதவிடாய் பத்து நாள் தள்ளினால் அடுத்ததற்குக் காத்திராமல் அந்த வாரமே வேகவைத்த உணவு இரண்டு வேளை வரட்டும், மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள்.

அன்புடன்.