முதலில் சீலன்ட், அப்புறம் வேக்ஸ்: கார் பெயிண்ட் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: தூத்துக்குடியில் இருக்கிறோம். நாலு வருஷம் ஆன கருநீலக் கார், வீட்டு வாசலில் வெட்டவெளியில்தான் நிற்கிறது. உப்பும் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்து பானட்டில் கை வைத்தாலே நரநரவென்று இருக்கிறது. ஒரு கடையில் கேட்டதற்கு, வேக்ஸ், சீலன்ட், மறுபடி வேக்ஸ், மறுபடி சீலன்ட் என்று ஐந்து அடுக்கு போட்டால் ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே? போடலாமா?

பதில்: இரண்டும் ஒன்றல்ல, ஐந்து அடுக்கும் வேண்டாம்.

சீலன்ட் என்பது செயற்கை பாலிமர். பெயிண்டுக்கு மேலே இருக்கிற க்ளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சைப் பிடித்துக்கொண்டு காய்ந்து இறுகிவிடும், நம் ஊர் வெயிலிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வேக்ஸ் பெரும்பாலும் கார்னோபா மெழுகை வைத்துச் செய்வது, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கிறார்கள். சுத்தமான கார்னோபா உருக 82 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், ஆனால் டப்பாவில் வருவது எண்ணெயும் கரைப்பானும் கலந்து இளக்கியது என்பதால் அவ்வளவு சூடு தாங்காது. மே மாத மத்தியானத்தில் கருநீல பானட்டில் கை வைக்க முடியாது, அந்தச் சூட்டில் வெறும் வேக்ஸ் சில வாரங்களுக்கு மேல் நிற்பது கஷ்டம். ஆனால் பெயிண்டுக்கு ஆழத்தையும் ஒரு ஈரப் பளபளப்பையும் கொடுப்பதில் வேக்ஸுக்கு ஈடில்லை, உங்களுடையது போன்ற அடர்நிறக் காரில் அது நன்றாகவே தெரியும். பாதுகாப்புக்கு சீலன்ட், அழகுக்கு வேக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசையை மாற்றினால் காசு வீண். சீலன்டுக்குப் பிடிமானம் வேண்டும், எண்ணெய்ப்பசை இல்லாத க்ளியர் கோட் வேண்டும். வேக்ஸுக்கு மேலே போட்டால் அது வேக்ஸைத்தான் பிடிக்கும், வேக்ஸ் கழுவிப் போகும்போது அதுவும் கூடவே போய்விடும். வேக்ஸுக்கு அந்த நிபந்தனை இல்லை, காய்ந்த சீலன்டின் மேலே சும்மா உட்கார்ந்துகொள்ளும். சீலன்டையே இரண்டு தடவை போடுவதில் அர்த்தம் இருக்கிறது, முதல் தடவை விட்டுப்போன இடத்தை இரண்டாவது மூடிவிடும். மூன்றாவதால் பெரிதாக ஒன்றும் வராது. வேக்ஸை அடுக்கடுக்காகப் போட்டாலும் கனம் ஏறாது, புதிதாகப் போடுகிற வேக்ஸில் உள்ள கரைப்பானே பழையதைக் கரைத்துவிடும். அந்தக் கடைக்காரர் சொல்கிற வரிசையில் முதலில் போடுகிற வேக்ஸே அடுத்த சீலன்டைக் கெடுத்துவிடுகிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த ஐந்து அடுக்குக் காசை அடுக்கு போடுவதற்கு முந்தைய வேலையில் போடுவேன். காரைக் கழுவிக் காயவிட்டு, மெல்லிய பாலிதீன் கவருக்குள் கையை விட்டு பானட்டின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வெறும் கைக்கு வழுவழுப்பாகத் தெரிந்த இடமெல்லாம் ரவை கொட்டினது போல நெருடும். அதெல்லாம் க்ளியர் கோட்டில் ஒட்டிப்போன சாம்பல், இரும்புத் தூசி, சுண்ணாம்புக் கறை. ஷாம்புக்கு வராது, க்ளே பார்தான் வேண்டும். களிமண் மாதிரி இருக்கும் அந்தக் கட்டியை அதற்குரிய திரவத்தைத் தெளித்து வழுக்கிக்கொண்டு ஓடும்படி தேய்க்க வேண்டும், அழுத்தக் கூடாது. நெருடல் நின்றால் போதும். கட்டி கீழே விழுந்துவிட்டால் அதைத் தூக்கிப் போடுங்கள், மண் ஏறின க்ளே உப்புத்தாள்தான்.

சாம்பலை உலர்ந்த துணியால் ஒருபோதும் துடைக்காதீர்கள். நிலக்கரிச் சாம்பலில் இருப்பது பெரும்பாலும் கண்ணாடி போன்ற நுண்துகள், காலையில் அவசரமாக ஒரு துண்டை எடுத்துத் தட்டிவிட்டு ஆபீஸ் போகிறவர்களின் காரில்தான் வெயில் படும்போது சிலந்திவலை போல வட்ட வட்டக் கீறல் தெரியும். முதலில் தண்ணீர் அடித்து ஓடவிட்டு, பிறகு ஷாம்பு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது தானாகக் காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். கீறல் ஏற்கெனவே இருந்தால் மெஷின் பாலிஷ் போடலாம், ஆனால் அது க்ளியர் கோட்டைச் சீவித்தான் கீறலை எடுக்கிறது. க்ளியர் கோட்டின் கனமே ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான், தலைமுடியை விட மெல்லிசு. பெயிண்ட் கனத்தை அளக்கும் கருவி இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். அளக்காமல் ஆறு மாதத்துக்கொரு தடவை பாலிஷ் போடலாம் என்கிறவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

பாலிஷ் போட்டிருந்தால் அதன் எண்ணெயை, தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பில் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு சீலன்டைத் தொடங்குங்கள். நிழலில், பானட் ஆறியிருக்கும்போது, ஒரு கதவுக்கு நாலைந்து சொட்டு போதும். மங்கலாகக் காய்ந்ததும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், கோடு சுத்தமாக வந்தால் துடைக்கலாம், இழுவினால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். அப்புறம் காத்திருப்பு. சில சீலன்டுக்குச் சில மணி நேரம் போதும், சிலதுக்கு ஓர் இரவு முழுக்க வேண்டும், லேபிளில் போட்டிருப்பார்கள். அந்த ஓர் இரவு மட்டுமாவது தெரிந்தவர் ஷெட்டில் காரை விடப் பாருங்கள், பனியும் சாம்பலும் இறுகாத சீலன்டில் படிந்தால் பாடுபட்டதெல்லாம் பாழ். மறுநாள் மெல்லிசாக ஒரு வேக்ஸ்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒன்று, கோடைக்கு முன்னால் ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு சீலன்ட், இடையில் மனசு வரும்போதெல்லாம் வேக்ஸ். உங்கள் காருக்கு இது போதும்.

கேள்வி: கடையில் எல்லா டப்பாவிலும் வேக்ஸ் என்றுதான் இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? என் கார் வெள்ளை.

பதில்: முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். 'சிந்தெடிக்', 'பாலிமர்', 'பெயிண்ட் சீலன்ட்' என்று இருந்தால் சீலன்ட். 'க்ளீனர் வேக்ஸ்' அல்லது 'பாலிஷ் அண்ட் வேக்ஸ்' என்று இருந்தால் அதில் அழுக்கெடுக்கும் கரைப்பானோ தேய்த்தெடுக்கும் நுண்துகளோ இருக்கும், அதை சீலன்டின் மேல் போட்டால் சீலன்டையே அரித்து எடுத்துவிடும். பழைய காருக்குத் தனியாகப் போடுவதென்றால் அது நல்ல பொருள்தான், மேல் அடுக்குக்கு ஆகாது. வெள்ளை, வெள்ளி நிறக் கார்களில் வேக்ஸ் தரும் ஆழம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, உங்களுக்கு நல்ல சீலன்ட் ஒன்றே போதும், வேக்ஸ் காசை மைக்ரோஃபைபர் துணியில் போடுங்கள். சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் பட்டால் வெள்ளைக் கறையாக நின்றுவிடும், டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள். மேட் ஃபினிஷ், அதாவது பளபளப்பில்லாத பெயிண்ட் அடித்த காருக்கு இது எதையும் போடக் கூடாது.

கேள்வி: புதுக் கார் புக் பண்ணியிருக்கிறோம். ஷோரூமில் டெஃப்லான் கோட்டிங் கட்டாயம், அதோடுதான் டெலிவரி என்கிறார்கள்.

பதில்: கட்டாயம் இல்லை. டெஃப்லான் உருகவே 327 டிகிரி வேண்டும், சமையல் பாத்திரத்தில் ஆலைச் சூட்டில்தான் அதை ஒட்டவைக்கிறார்கள். கார் பெயிண்ட் அந்தச் சூட்டைத் தாங்காது. அதனால் பெயர் டெஃப்லானாக இருந்தாலும் உங்கள் காரில் உழைக்கப்போவது அதில் கலந்திருக்கிற வேக்ஸோ சீலன்டோதான், அதை நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கட்டுப்படுத்தும் வணிக முறை என்ற வகையில் வருகிறது. 'எனக்கு வேண்டாம், பில்லில் இருந்து எடுத்துவிடுங்கள்' என்று மின்னஞ்சலில் எழுதுங்கள், வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: இடித்ததில் ஒரு கதவுக்கு மட்டும் போன வாரம் பெயிண்ட் அடித்தோம். சீலன்ட் போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். தொழிற்சாலையில் பெயிண்டை 140 டிகிரி அளவில் சுட்டெடுக்கிறார்கள், பட்டறையில் அவ்வளவு சூடு கிடையாது, உள்ளே இருக்கிற கரைப்பான் மெதுவாகத்தான் வெளியேறும். எந்தப் பெயிண்ட் அடித்தார்கள், எத்தனை நாள் விடச் சொல்லியிருக்கிறது என்று பட்டறையில் கேளுங்கள். பொதுவாக ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதம் வரை சொல்வார்கள். அதுவரை அந்தக் கதவை வெறும் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள், காக்கை எச்சம் விழுந்தால் காயவிடாமல் அன்றைக்கே நனைத்து எடுத்துவிடுங்கள். மற்ற பாகங்களுக்கு இப்போதே சீலன்ட் போடலாம்.